நிலுவை உண்டா?

திண்டுக்கல் சமவெளியில், வேடசந்தூர்ப் பக்கமோ நிலக்கோட்டைப் பக்கமோ, ஒரு துண்டு நிலம் கைமாறினால் அது இரண்டு கணக்குகளில் ஏற வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாவது ஒன்று. பட்டாவில் பெயர் மாறுவது மற்றொன்று. முதலாவது பதிவுத்துறையின் பொறுப்பு, இரண்டாவது வருவாய்த்துறையின் பொறுப்பு. பத்திரம் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்ட குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. பேரன் உழும் நிலத்துக்குப் பட்டா, தாத்தாவுக்கு விற்றவரின் பெயரிலேயே கிடந்தது. இப்படிச் சேர்ந்த நிலுவையைத் தீர்க்க அரசு 1979-இல் தொடங்கியதுதான் யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம். 1987 வரை நடந்த அந்தப் பணியில் ஊழியர்கள் ஊர் ஊராகப் போய், நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று விசாரித்துப் பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். அதற்கு நடுவில்தான், 1985 செப்டம்பர் 15 அன்று, மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. பல பத்தாண்டு நிலுவையை ஒரே மூச்சில் ஏற்றியபோது பிழைகளும் கூடவே ஏறின. பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பட்டா நிலம் புறம்போக்கு ஆனது. 'யு.டி.ஆர். பிழைத் திருத்தம்' கேட்டு வருவாய் அலுவலகங்களுக்கு இன்றைக்கும் மனுக்கள் வருகின்றன.

அந்த ஊழியர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. இரண்டு கணக்குகள் தனித்தனியே மாறும் எந்த அமைப்பிலும் வரும் சிக்கல் இது. காகிதத்தில் வந்ததுபோலவே கணினியிலும் வருகிறது. இணையச் செயலி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று நிரல்: என்ன கேட்க வேண்டும், எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற கட்டளைகள். மற்றது தரவுத்தளம்: இதுவரை சேர்ந்த பதிவுகள் அட்டவணைகளாக இருக்கும் இடம். நிரலை மாற்றுவது எளிது. பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதிய கோப்பை வைத்தால் போதும். தரவுத்தளத்தை அப்படி மாற்ற முடியாது, அதில் ஊராருடைய கணக்கு இருக்கிறது. இருக்கும் பதிவுகளைக் காப்பாற்றிக்கொண்டே அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு படியையும் நிரலாளர்கள் 'மைக்ரேஷன்' என்கிறார்கள். நிரல் புதிதாகி, அதற்குரிய மைக்ரேஷன் தரவுத்தளத்தில் ஓடாமல் நின்றால் அது நிலுவை. நிலுவை ஏற்படுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. அது இருப்பது தெரியாமல் அதன்மேல் அடுத்த வேலையைத் தொடங்குவதுதான் கெடுதல். ஆகவே 'நிலுவை உண்டா' என்ற கேள்வியை வேலை தொடங்குமுன் கேட்க வேண்டும். பதிலைப் பதிவேட்டிலிருந்து பெற வேண்டும். 'உண்டு' என்று பதில் வந்தால் வேலை நின்றாக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சோதனை செய்ததாக ஆகாது என்பது என் வாதம்.

ஒரு கணக்கை நெருக்கமாகப் பார்த்தால் இது விளங்கும். ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு கமிஷன் கடை தன் தக்காளி வரத்தை இணையச் செயலியில் எழுதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஒன்றுக்கு 14 கிலோ. இதுவரை அளவைப் பெட்டியிலும் விலையைப் பெட்டிக்கு இவ்வளவு என்றும் எழுதினார்கள். இனி எல்லாம் கிலோவில் வேண்டும் என்று முடிவாகிறது. நிரலாளர் இரண்டு மைக்ரேஷன்கள் எழுதுகிறார். 0007 என்ற எண்ணுள்ளது 'தரம்' என்று ஒரு புது நெடுவரிசையைச் சேர்க்கிறது. 0008 பழைய பதிவுகளைத் திருத்துகிறது: அளவை 14-ஆல் பெருக்கி, விலையை 14-ஆல் வகுக்கிறது. இரண்டையும் எழுதி, புதிய நிரலைச் சர்வரில் ஏற்றும்போது, ஏதோ அவசரத்தில் மைக்ரேஷனை ஓட்டும் படி விடுபட்டுப் போகிறது.

0007 ஓடவில்லை என்றால் செயலி உடனே கத்தும். 'தரம்' என்ற நெடுவரிசையே இல்லை என்று தரவுத்தளம் மறுக்கும், திரையில் பிழை வரும், கடைக்காரர் போன் செய்வார், அரைமணியில் சரியாகும். அது தொல்லைதான், ஆனால் கணக்கு கெடாது. 0008 மட்டும் ஓடவில்லை என்றால் கதை வேறு. பழைய பதிவு ஒன்றில் 50 பெட்டி, பெட்டிக்கு 280 ரூபாய், ஆகமொத்தம் 14,000 ரூபாய் என்று இருக்கிறது. புதிய நிரல் அதை 50 கிலோ, கிலோவுக்கு 280 ரூபாய் என்று படிக்கும். தொகை அப்போதும் 14,000 தான்! சரியாக மாற்றியிருந்தால் 700 கிலோ, கிலோவுக்கு 20 ரூபாய், அதே 14,000. பட்டியல் தொகை சரியாக இருப்பதால் கடைக்காரருக்கும் சந்தேகம் வராது, விவசாயிக்கும் வராது. மாத முடிவில் எடைக் கணக்கும் சராசரி விலையும் மட்டும் தவறியிருக்கும். அதைப் பார்ப்பவர் யாராவது இருந்தால்தான் தெரியும்.

மோசமான கட்டம் இனிமேல்தான் வருகிறது. பத்து நாள் கழித்து யாரோ கவனித்து, விடுபட்ட 0008-ஐ இப்போது ஓட்டுகிறார். அந்தப் பத்து நாளில் புதிய பதிவுகள் கிலோவிலேயே ஏறியிருக்கின்றன. 0008-க்கு எது பழையது, எது புதியது என்று தெரியாது. எல்லாவற்றையும் 14-ஆல் பெருக்குகிறது. 700 கிலோ வந்த லோடு 9,800 கிலோ ஆகிறது. விலையும் 14-ஆல் வகுபடுவதால் தொகை இன்னமும் 14,000-ஐ ஒட்டியே நிற்கும். உரிய நாளில் ஓடியிருந்தால் முழுக்கச் சரியாக இருந்திருக்கும் ஒரு திருத்தம், தாமதமாக ஓடியதால் நல்ல கணக்கையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. ஆகவே நிலுவையைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது, அதன்மேல் ஒரு பதிவுகூட ஏறுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படிக் கண்டுபிடிக்க முதலில் எது ஓடியது, எது ஓடவில்லை என்பதற்கு நம்பகமான குறிப்பு வேண்டும். 2000-களின் தொடக்கம் வரை பெரும்பாலான இடங்களில் அது யாரோ ஒருவருடைய நினைவிலோ நோட்டிலோதான் இருந்தது. மாற்றங்களைச் சிறு சிறு படிகளாக எண்ணிட்டு எழுத வேண்டும் என்ற முறையை மென்பொருள் வல்லுநர்களான மார்ட்டின் ஃபௌலரும் பிரமோத் சதாலகேயும் 2003 வாக்கில் விளக்கி எழுதினார்கள். 2005 வாக்கில் ரூபி ஆன் ரெயில்ஸ் இதை ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கின் அன்றாடப் பழக்கமாக்கியது. அதன் முதல் வடிவத்தில் இருந்த ஒரு குறை மிகவும் கற்கத்தக்கது. தரவுத்தளத்தில் ஒரே ஓர் எண்ணைத்தான் அது வைத்திருந்தது: இதுவரை எந்த எண் வரை ஓடியிருக்கிறது என்று. ஒருவர் 27-ஆம் மைக்ரேஷனை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 28-ஐ எழுதி ஓட்டிவிட்டால், எண் 28 என்று நிற்கும். பிறகு 27 வந்து சேர்ந்தாலும் ரெயில்ஸ் அதை 'ஏற்கெனவே கடந்துவிட்ட எண்' என்று எண்ணி, ஓசையில்லாமல் தாண்டிப் போகும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொன்னது. எது விடுபட்டது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. 2008-இல் வந்த ரெயில்ஸ் 2.1 இதைத் திருத்தி, ஓடிய ஒவ்வொரு மைக்ரேஷனையும் தனித்தனி வரியாக எழுதும் அட்டவணைக்கு மாறியது. வரிசை எண்ணுக்குப் பதில் எழுதிய நேரமே பெயரின் முன்பகுதியானது.

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்குக்கு 2008-இல் ஆண்ட்ரூ காட்வின் 'சவுத்' என்ற துணைத் தொகுப்பாக இந்த வசதியைச் செய்தார். 2013-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அவரே அதை ஜாங்கோவுக்குள் புதிதாக எழுதினார். 2014 செப்டம்பரில் ஜாங்கோ 1.7-உடன் அது வெளிவந்தது. அதன் ஏற்பாடு எளிமையானது. மைக்ரேஷன்கள் நிரலோடு கோப்புகளாக இருக்கும். ஒவ்வொரு கோப்பும் தனக்கு முன் எது ஓடியிருக்க வேண்டும் என்று பெயர் சொல்லும். தரவுத்தளத்துக்குள் ஒரு சிறு அட்டவணை இருக்கும். வரிசை எண், செயலியின் பெயர், மைக்ரேஷனின் பெயர், ஓடிய நாளும் நேரமும் என்று நான்கே நெடுவரிசைகள். நிலுவையைக் கண்டறிவது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதுதான். கோப்பில் இருந்து அட்டவணையில் இல்லாதது நிலுவை. 0008 ஓடியதாக வரி இருந்து, அதற்கு முன் ஓடியிருக்க வேண்டிய 0007-க்கு வரி இல்லையென்றால் வரலாறு முரண்படுகிறது என்று சொல்லி, மேற்கொண்டு ஓட்ட மறுத்துவிடும். ஓடிய குறிப்பு தரவுத்தளத்துக்குள்ளேயே இருப்பதுதான் இதில் பெரிய நன்மை. தரவுத்தளத்தை இன்னொரு சர்வருக்கு நகலெடுத்தால் குறிப்பும் கூடவே போகும். பழைய காப்புப் பிரதியை மீட்டால் அது எந்த நிலையில் எடுக்கப்பட்டதோ அந்த நிலையையே சொல்லும். ஆள் மாறினாலும் கணக்கு மாறாது.

அடுத்தது, பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது. ஜாங்கோவில் நிரலாளர் தன் கணினியில் சோதனைச் சர்வரைத் தொடங்கினால், ஓடாத மைக்ரேஷன்கள் இத்தனை இருக்கின்றன, செயலி சரியாக இயங்காமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை திரையில் வரும். சர்வர் தொடர்ந்து ஓடும். உண்மையான பயனாளர்கள் வரும் சர்வரில் வேறு மென்பொருள்தான் ஜாங்கோவை இயக்குகிறது. அங்கே அந்த எச்சரிக்கைகூட வராது. தவறு நடந்தால் யாருக்கும் நட்டமில்லாத இடத்தில் எச்சரிக்கை இருக்கிறது, ஊர்க் கணக்கு இருக்கும் இடத்தில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப நிரலாளர்கள் வெகுநாள், மைக்ரேஷன் பட்டியலை அச்சிட்டு அதில் குறியில்லாத கட்டங்கள் இருக்கின்றனவா என்று எழுத்துத் தேடல் செய்து சமாளித்தார்கள். 2020 ஆகஸ்டில் வந்த ஜாங்கோ 3.1-இல்தான் 'மைக்ரேட்' கட்டளைக்கு 'செக்' என்ற தேர்வு கிடைத்தது. அது எதையும் ஓட்டாது. நிலுவை இல்லையென்றால் முடிவு எண் 0 தந்து வெளியேறும், இருந்தால் 0 அல்லாத எண் தரும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஏற்றும் பணியைச் செய்யும் தானியங்கி முறைகள் எல்லாம் இந்த எண்ணை மதித்தே அடுத்த படிக்குப் போகும் அல்லது நிற்கும். மனிதர் படிக்க வேண்டிய ஒரு வாக்கியம், இயந்திரம் கீழ்ப்படியும் ஒரு தடையாக மாறியது.

எச்சரிக்கை போதாதா, தடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தையில் நடந்ததைவிடத் தெளிவான பதில் கிடையாது. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, ஒன்றில் விடுபட்டது. அந்த எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, கணக்கில்லாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் ஏற்பட்ட நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவு சொல்கிறது. அதே உத்தரவில் இரண்டு விவரங்கள் நம் வாதத்துக்கு நேராக வருகின்றன. சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணிக்குச் சற்றுப் பின்னிருந்து, அந்தப் பழைய நிரலின் பெயரைக் குறித்து 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கை மணியாக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதால் யாரும் செயல்படவில்லை. இரண்டாவது, கோளாறு வெடித்த பின் எந்தச் சர்வர் தவறு என்று தெரியாமல், சரியாக ஏற்றியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள், நட்டம் கூடியது. அங்கே விடுபட்டது நிரல், மைக்ரேஷன் அல்ல. ஆனால் இரண்டு பாதிகள் ஒத்திருக்கின்றனவா என்று வேலை தொடங்குமுன் கேட்கும் ஒரு சோதனை, 'இல்லை' என்று சொல்லி நிறுத்தியிருந்தால், அன்றைய கதை வேறாக இருந்திருக்கும். 97 முறை சொன்னது பயன்படவில்லை. ஒருமுறை நிறுத்தியிருந்தால் போதும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது: சோதிப்பானேன், சர்வர் தொடங்கும்போது நிலுவையைத் தானாகவே ஓட்டிவிடலாமே என்பது. ஒரே சர்வர், ஒரே செயலி, சிறிய தரவுத்தளம் என்றால் இது பெரும்பாலும் ஒத்துவரும். செயலி பல பிரதிகளாக ஓடும் இடத்தில் எல்லாப் பிரதிகளும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே மைக்ரேஷனை ஓட்டப் பார்க்கும். ரெயில்ஸ் இதற்காகப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறது, ஜாங்கோ போடுவதில்லை. இன்னொன்று, அட்டவணையின் அமைப்பை மாற்றும் உரிமையை அன்றாடம் ஓடும் செயலிக்குக் கொடுத்துவைப்பது பாதுகாப்புக்கு நல்லதல்ல. தானாக ஆகக்கூடிய மாற்றம், ஆகக்கூடாத மாற்றம் என்று இருவகை உண்டு என்பதை நம் நிலக் கணக்கே காட்டுகிறது. 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்தபின் பத்திரப்பதிவும் பட்டா மாறுதலும் இணையத்தில் இணைக்கப்பட்டன. முழு உட்பிரிவும் அப்படியே கைமாறினால் பெயர் மாற்றம் விரைவாக முடிகிறது. நிலத்தைப் பிரித்து விற்றால் சர்வேயர் நேரில் வந்து அளக்காமல் முடியாது. மைக்ரேஷனிலும் அப்படியே: காலியான நெடுவரிசை சேர்ப்பது ஒரு கண்சிமிட்டல், லட்சக்கணக்கான பதிவுகளைத் திருத்துவது ஆள் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை. ஆகவே ஓட்டுவது ஒரு தனிப் படி, அது முடிந்ததா என்று பார்ப்பது எல்லாப் பிரதிகளும் செய்ய வேண்டிய வேறொரு படி. தானியங்கி ஓட்டத்தை வைத்துக்கொள்பவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டும், ஓட்டம் நடுவில் நின்றதா என்று வேறு எதுவும் சொல்லாது.

இன்னொரு மறுப்பு நுட்பமானது, அதில் உண்மையும் இருக்கிறது. இந்தச் சோதனை பெயர்களைத்தான் ஒப்பிடுகிறது, அட்டவணையைத் திறந்து பார்ப்பதில்லை. ஓட்டாமலே 'ஓடியது' என்று வரி எழுதிவைக்க ஜாங்கோவில் வழி இருக்கிறது. ஓடி முடிந்த கோப்பைப் பிறகு யாராவது திருத்தினாலும் பெயர் மாறாததால் சோதனைக்குத் தெரியாது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் அமைப்பு மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி, தவறினால் முழுதும் திரும்பப் பெற முடியாது. மைக்ரேஷன் பாதியில் முறிந்தால் பாதி மாற்றம் நிற்கும், அட்டவணையில் வரி இருக்காது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் முழுவதும் திரும்பிவிடும். ஃப்ளைவே என்ற கருவி ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுச் சேமித்து, கோப்பு மாறியிருந்தால் பிடித்துவிடுகிறது. ஜாங்கோவில் அது இல்லை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள்தான் தெரியும், பதியாமல் வாய்வார்த்தையில் நடந்தது தெரியாது. அதற்காக வில்லங்கம் பார்க்காமல் யாரும் நிலம் வாங்குவதில்லை. குறையுள்ள சோதனைக்கு மாற்று, அதோடு இன்னொரு சோதனையைச் சேர்ப்பது. எழுதவே மறந்த மைக்ரேஷனைப் பிடிக்க, நிரலில் உள்ள வரையறைக்கும் கோப்புகளுக்கும் வேறுபாடு உண்டா என்று கேட்கும் தனித் தேர்வு ஜாங்கோவிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் விடுபடும் சந்து மிகவும் குறுகிவிடும்.

நிலுவை என்றவுடன் செயலியையே நிறுத்துவது கடையை மூடுவதற்குச் சமம் ஆகாதா என்ற கேள்வியும் நியாயமானது. நிறுத்த வேண்டியது புதிய நிரலை மட்டும். பழைய நிரல் பழைய அமைப்போடு ஓடிக்கொண்டிருக்கலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: புது அமைப்பு வந்த பிறகும் பழைய நிரல் சிறிது நேரம் தாங்க வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மாற்றத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலில் சேர்ப்பது மட்டும்; நிரல் முழுதும் புதிய நெடுவரிசைக்கு மாறிய பின் பழையதை நீக்குவது. நம் தக்காளிக் கணக்கிலும் அளவு என்ற பழைய நெடுவரிசையைப் பெருக்குவதற்குப் பதில், 'எடை' என்ற புதிய நெடுவரிசையை வெறுமையாகச் சேர்த்து, வெறுமையாக உள்ள பதிவுகளை மட்டும் நிரப்பும்படி 0008-ஐ எழுதியிருக்க வேண்டும். அப்போது அது பத்து நாள் தாமதமாக ஓடினாலும், இரண்டு முறை ஓடினாலும், புதிய பதிவைத் தொடாது. தாமதத்தைத் தாங்கும்படி மைக்ரேஷனை எழுதுவதும் தாமதத்தைக் கண்டறியும்படி சோதனை வைப்பதும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று விடுவது தவறு.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு, சந்தைக் கடைக்கும் நூற்பாலைக்கும் செயலி எழுதும் இரண்டுபேர் அலுவலகத்துக்கு எதற்கு என்று தோன்றலாம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். பெரிய நிறுவனத்தில் தவறைக் கவனிக்க இன்னும் நாலு பேர் இருப்பார்கள். திண்டுக்கல்லிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஒருவரே நிரல் எழுதி, ஒருவரே சர்வரில் ஏற்றி, ஒருவரே போனையும் எடுக்கும் இடத்தில், அவர் மறந்தால் நினைவூட்ட அந்த 'செக்' கட்டளை என்ற ஒரு வரி மட்டும்தான் உண்டு. அதற்குக் காசு இல்லை, தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, ஜாங்கோ 3.1-க்குப் பிந்தைய எந்தப் பதிப்பிலும் கூடவே இருக்கிறது. லாரவெல் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கிலும் ரெயில்ஸிலும் இதே கேள்வியைக் கேட்கும் கட்டளைகள் இருக்கின்றன. பிறருடைய கணக்கைத் தாங்கும் ஒரு செயலியை நீங்கள் பராமரிக்கிறீர்கள் என்றால், அடுத்த முறை சர்வரில் ஏற்றுவதற்கு முன் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பின், வேண்டுமென்றே ஒரு மைக்ரேஷனை ஓட்டாமல் விட்டு, ஏற்றும் பணி உண்மையாகவே நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.